ஒரே அலமாரியில் இரண்டு மாத்திரை

'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுறான் பார்' என்று யாரையாவது கிண்டல் செய்திருப்பீர்கள். விருத்தாசலத்துக்காரர்களிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். எங்க ஊர்ல அது நெசமாவே நடந்ததுங்க என்பார்கள். சுந்தரர் இங்கேதான் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். அவ்வளவையும் திருவாரூர் வரை சுமந்துகொண்டு போவது எப்படி? வழியில் திருட்டுப் பயம் வேறு. மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கோயில் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெயர் அப்போது திருமுதுகுன்றம்.

புராணம் இருக்கட்டும். இருபதாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. திருவல்லிக்கேணியில் படித்த ஒரு பையனை வாட்டிய நோய்க்கு நியூயார்க் பக்கத்தில் மருந்து கிடைத்தது. அந்த மருந்தைப் பார்த்துச் செய்த இன்னொரு மருந்து, இப்போது விருத்தாசலத்தில் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் பார்த்தேன்.

போனது வேறு வேலைக்கு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதலாம் என்று ரயில் ஏறியிருந்தேன். பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, ஜாடி என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சின்ன யூனிட்டில் உட்கார்ந்தோம். அங்கே மின்சார ஃபியூஸ் கேரியர் செய்கிறார்கள். பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளையாகச் செருகி இருக்குமே, அதுதான். உரிமையாளர் நினைவுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். கம்பி கட்டாத வெறும் பீங்கான். பையில் போட்டுக்கொண்டேன். அது கொஞ்ச நேரத்தில் வேறொன்றுக்கு உபயோகப்படும் என்று அப்போது தெரியாது.

சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஏழு வயதில் ஒரு பேரன். தலையில் முடி இப்போதுதான் புசுபுசுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. ரத்தப் புற்றுநோய். பெரிய சிகிச்சையெல்லாம் முடிந்து, வீட்டிலேயே மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்துவிட்டான். பையனின் ஆயா ஒரு டானிக் பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"புள்ள வெளுத்துப் போயிருக்கான் தம்பி. ரத்தம் ஊறணும்ல? அதான் மருந்துக்கடையில கேட்டு வாங்கியாந்தேன். இன்னும் பிரிக்கல."

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். இரும்புச் சத்து. பி12. ஃபோலிக் ஆசிட். அதே அலமாரியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டை. மெத்தோட்ரெக்ஸேட்.

எனக்குக் கொஞ்சம் பகீரென்றது.

நான் படித்தது பி.காம். மருத்துவத்தில் எனக்கு வாய் திறக்கத் தகுதி கிடையாது. ஆனால், கணக்குப் பதிவில் ஒரே ஐட்டம் பற்றிலும் வரவிலும் நேரெதிராக உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு உடனே கண்ணில் படும். அந்த அலமாரியில் இருந்தது அதுதான். ஒன்று, உடம்பு புது ரத்தம் செய்யத் தேவையான வைட்டமின். இன்னொன்று, அந்த வைட்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்து. இரண்டும் பிறந்த கதையில் ஒரே மனிதர் வருகிறார்.

எல்லாப்ரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை ராஜதானி. படிப்பில் சூரப்புலி என்றெல்லாம் சொல்ல முடியாது. பதிமூன்று வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிய பையன். அம்மா விடவில்லை, பிடித்து இழுத்துவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் போட்டார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை கோட். மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு ராமகிருஷ்ணா மிஷனில் சேர்கிறேன் என்று ஒரு ஆசை. அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரி.

அங்கேயும் வம்பு. காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். சர்ஜரி பேராசிரியர் வெள்ளைக்காரர். ரசிப்பாரா? மற்ற பாடங்களில் நன்றாகச் செய்தும் முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். வேலைக்காகச் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

அந்த வருடங்களில்தான் அவர் வீட்டில் அந்த நோய் புகுந்தது. ஸ்ப்ரூ என்பார்கள். தீராத வயிற்றுப்போக்கு, புண்ணாகிப் போன நாக்கு, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது, ரத்தம் வற்றி ஆள் வெளுத்துப்போவான். இரண்டு சகோதரர்கள் எட்டே நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் போனார்கள். சுப்பாராவையும் அது படுக்கப் போட்டது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். ஆனால் அந்த நோய்க்குக் காரணம் என்ன, எது குறைந்ததால் ரத்தம் செத்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

1920-களின் தொடக்கத்தில், மாமனார் உள்பட நாலு பேர் கொடுத்த பணத்தோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். இளம் மனைவி ஊரிலேயே இருந்தார். கணவர் கடைசி வரை திரும்பி வரவில்லை. சுப்பாராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு அது ஒரு வரி இல்லை.

பாஸ்டனில் பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. அப்படி இருந்தவர், ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். 1925-ல் வெளியான அந்த முறைக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர். உயிரணுக்களின் சக்திச் சில்லறை என்று சொல்லப்படும் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. இவ்வளவுக்கும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய் இன்னொருவரைச் சந்திக்க வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா. 1928-ல் பம்பாய் வந்தார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானால் ரத்தம் வற்றிச் சாகிறார்களே, ஏன் என்று தேடினார். கோடி ரூபாய் மருந்து எதுவும் அவர் கையில் இல்லை. இங்கிலாந்தில் ரொட்டிக்குத் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் பசைதான் இருந்தது. மலிவு. அதைக் கொடுத்தால் அந்தப் பெண்களுக்கு மளமளவென்று ரத்தம் ஊறியது. அதில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. 'வில்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். அந்த லூசி வில்ஸ் குன்னூரில் வேலை பார்த்திருக்கிறார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறார். கோஷா ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? அதே திருவல்லிக்கேணி.

அந்த 'ஏதோ ஒன்று' கீரையிலும் இருந்தது. 1941-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையைச் சாறெடுத்து, அதிலிருந்து துளியூண்டு பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் ஆசிட். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். நான்கு டன் கீரையை ஆய்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து கொடுக்க முடியாதல்லவா? அதைச் சோதனைச்சாலையில் செயற்கையாகச் செய்தாக வேண்டும். செய்தது சுப்பாராவ் தலைமையில் இருந்த லெடர்லே குழு. வருடம் 1945. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஏறியது. இரண்டு சகோதரர்களைக் கொடுத்த மனிதருக்கு இருபத்தைந்து வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால், அவரைச் சத்து மாத்திரைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இறந்த உடலை அறுத்து நோயைப் படிக்கும் நோய்க்கூறு நிபுணர். அவரைச் சங்கடப்படுத்தியது குழந்தைகளின் லுக்கீமியா. எலும்பு மஜ்ஜையில் அரைவேக்காட்டு வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் நோய். அறுக்கக் கட்டி கிடையாது, ஓடும் ரத்தம் முழுக்க நோய். கண்டுபிடித்த சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் குழந்தை போய்விடும்.

ஃபார்பரும் முதலில் நம் ஆயா நினைத்த மாதிரிதான் நினைத்தார். ரத்த நோய்க்கு ரத்தம் ஊற வைக்கும் வைட்டமினைக் கொடுத்துப் பார்ப்போமே! ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளை லுக்கீமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். விபரீதமாகிவிட்டது. நோய் தணியவில்லை, வேகம் எடுத்தது போலிருந்தது. பெற்றோரிடம் எழுதி வாங்கும் இன்றைய விதிமுறைகள் எதுவும் இல்லாத காலம். இன்றைக்கு ஒருவர் அப்படிச் செய்தால் எந்த நெறிமுறைக் குழுவும் சும்மா விடாது.

ஃபார்பர் தோல்வியைத் திருப்பிப் போட்டார். ஃபோலிக் ஆசிட் நோய்க்குத் தீனி என்றால், அந்தத் தீனியை நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்துவதற்கான பொருள் ஏற்கெனவே சுப்பாராவின் கூடத்தில் இருந்தது. ஃபோலிக் ஆசிடைச் செய்யும் முயற்சியில், அதன் வடிவத்தில் இங்கே ஒன்று அங்கே ஒன்று மாற்றி, பல போலிகளைச் செய்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று அமினோப்டெரின்.

இப்போது பையிலிருந்து அந்த ஃபியூஸ் கேரியரை எடுக்கிறேன். கம்பி கட்டிய கேரியரும் கம்பி கட்டாத கேரியரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். போர்டில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆனால், கம்பி இல்லாததைச் செருகினால் கரண்ட் வராது. அது உட்கார்ந்திருக்கும்வரை நல்ல கேரியரையும் அந்த இடத்தில் செருக முடியாது. அமினோப்டெரின் செய்தது இதுதான். உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் ஆசிட் தேவை. அந்த இடத்தில் போலி போய் உட்கார்ந்துகொண்டது. வெறிபிடித்துப் பெருகிக்கொண்டிருந்த அணுக்கள் அப்படியே நின்றன.

1947 டிசம்பர் கடைசியில் இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார் ஃபார்பர். படுத்த படுக்கையாக இருந்த குழந்தை எழுந்து நடந்தான். 1948 ஜூன் 3 அன்று முடிவுகள் அச்சில் வந்தன. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. குணமாகவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்தது. ஆனால், லுக்கீமியாவை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். சக டாக்டர்கள் பலர் நம்பவில்லை என்பது தனிக் கதை.

அமினோப்டெரினை விடக் கொஞ்சம் பத்திரமான தம்பியை லெடர்லேயே செய்தது. அதுதான் மெத்தோட்ரெக்ஸேட். 1956-ல் கர்ப்பப்பையில் வரும் ஒருவகைப் புற்றுநோயை அந்த ஒரு மருந்தாலேயே முற்றிலும் குணப்படுத்திக் காட்டினார்கள். மூட்டுவாதம், சொரியாசிஸ் என்று பின்னால் அதற்கு வேறு உபயோகங்களும் வந்தன.

சுப்பாராவ் இதில் எதையும் பார்க்கவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 1948-ல், தூக்கத்திலேயே மாரடைப்பில் போனார். வயது 53. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு ஒரு தபால்தலை போட்டது. மற்றபடி நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. யானைக்கால் நோய்க்குத் தரும் டி.ஈ.சி. மாத்திரையும் அவர் கூடத்திலிருந்து 1947-ல் வந்ததுதான். அந்த மாத்திரையை ஊர் முழுக்க எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டில் 1996-ல் தொடங்கிப் பார்த்தது கடலூர் மாவட்டத்தில். அதாவது விருத்தாசலம் இருக்கிற மாவட்டத்தில்.

அவர் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில், அவருக்குச் சில வருடம் முன்னால் படித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கையும் புற்றுநோயில்தான் இறந்தார். அந்த வேதனையை முப்பது வருடம் சுமந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தில்தான் இருந்தார்.

ஆனால் மருந்து வந்துவிட்டால் போதுமா? 1980-களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, லுக்கீமியாக் குழந்தைகளுக்கு ஒரே மருந்து அட்டவணையைப் பின்பற்றத் தொடங்கின. பதினான்கு வருட அனுபவத்தை 2005-ல் வெளியிட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் இது: அட்டவணை மாறவில்லை, ஆனால் வருடம் போகப் போகப் பிழைக்கும் குழந்தைகள் கூடினார்கள். முக்கியக் காரணம், சிகிச்சையின் பாதிப்பால் இறக்கும் குழந்தைகள் குறைந்தது. காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்கப் பழகினார்கள். பக்கவிளைவை முன்கூட்டியே பார்க்கப் பழகினார்கள். அந்த வித்தை கைவந்தது.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஊரில் பல குழந்தைகள் புற்றுநோய் வருவதற்கு முன்பே எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். லக்னோ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் லுக்கீமியாக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, உடம்பில் ஃபோலிக் ஆசிட் இருப்பு குறைவாக இருந்தவர்களைச் சிகிச்சையின் விஷம் அதிகம் பதம் பார்ப்பது தெரிந்தது. கவனியுங்கள். வைட்டமின் கூடினாலும் தகராறு, குறைந்தாலும் தகராறு. மெத்தோட்ரெக்ஸேட்டை நரம்பில் பெரிய அளவில் ஏற்றும்போது, கணக்குப் பார்த்து இத்தனாவது மணி நேரத்தில் என்று, ஃபோலிக் ஆசிடின் இன்னொரு வடிவத்தை மாற்றாகக் கொடுத்து நல்ல அணுக்களைக் காப்பாற்றுவார்கள். மூட்டுவாதக்காரர்களுக்கு டாக்டரே ஃபோலிக் ஆசிட் எழுதித் தருவார். யாருக்கு, எவ்வளவு, எந்த நாளில் என்பதுதான் விஷயம். அதை மருந்துக்கடை கவுன்ட்டரில் முடிவு செய்யக் கூடாது.

மாத்திரைக்குத்தான் இந்தக் கணக்கு. சாதத்தில் பிசைந்த கீரைக்கு அல்ல. வீட்டுக் கீரையை யாரும் தடை செய்வதில்லை. இன்னொரு பக்கம், பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் பருப்பையும் நிறுத்துகிறவர்கள், சர்க்கரை போட்டால் புற்று வளரும் என்று குழந்தையின் பாலைக் கூடக் கசப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டினி போட்டால் முதலில் சாவது புற்று அல்ல, பிள்ளையின் தசை. மருந்து சாப்பிடும் நாளில் வாய் புண்ணாகும், சோறு இறங்காது. காரமில்லாமல் குழைய வேகவைத்து, ஆறியதை வைத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கச் சொல்கிறார்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது பச்சைக் காய்கறி, ரோட்டோர ஜூஸ் வேண்டாம். காய்ச்சிய தண்ணீர். வேகவைத்த முட்டை.

இதில் கால்வாசியைத்தான் அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொன்னேன். முக்கியமாகச் சொன்னது, டானிக்கைப் பிரிக்கும் முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள் என்பதுதான். போட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம், அடுத்த தடவை வரும்போது ரத்தம் பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. ஆயா பாட்டிலை மேல் தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. காசு போட்டு வாங்கியதாயிற்றே.

"சரி தம்பி, இந்த மாத்திரைய மட்டும் ஏன் வாரத்துக்கு ஒருநாள்தான் குடுக்கணும்னு கறாரா சொல்லியிருக்காங்க?"

நல்ல கேள்வி. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறுதலாகத் தினம் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. கம்பியில்லாத கேரியர் எல்லா போர்டிலும் உட்கார்ந்துவிடும். நல்ல ரத்த அணு, வாயின் உள்தோல், குடலின் உள்தோல் எல்லாம் வேகமாகப் பிரிகிற அணுக்கள்தானே, அவற்றுக்கும் கரண்ட் போய்விடும். வாரத்துக்கு ஒருநாள் கொடுத்து, மற்ற நாட்களில் அவை தேறி எழுந்திருக்க விட வேண்டும். ஃபியூஸ் கேரியரை மேஜைமேல் வைத்து இதை நான் விளக்கியதை ஆயாவைவிடப் பையன்தான் உன்னிப்பாகக் கேட்டான். பீங்கான் வீட்டுப் பிள்ளை.

"எங்ககிட்ட காலண்டர் இருக்கு" என்றான்.

சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. முன்கூட்டியே பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார் அவன் அம்மா. எத்தனை வட்டம் பாக்கி என்று அவனே எண்ணிச் சொன்னான். நாற்பத்தி ஒன்று.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஃபியூஸ் கேரியரை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.